ஒலி சுருங்கிய கதை – 11: கட்டளை வரியில் தீட்டிய எம்பி3

சென்ற பகுதியை 1995 ஜூலையோடு நிறுத்தியிருந்தோம். எர்லாங்கன் நகரத்து ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வுக்குழு அந்த மாதம்தான் தன் ஒலிக்கோப்புகளின் பெயருக்குப் பின்னாலிருந்த ‘பிட்’ என்ற வாலை வெட்டிவிட்டு ‘எம்பி3’ என்ற வாலை ஒட்டியது. பொதுவாகச் சொல்லப்படும் கதை அதற்குப் பிறகு நேராக 1999க்கும் பாட்டுப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டருக்கும் தாவிவிடும்: ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தார்கள், மாணவர்கள் பரப்பினார்கள், இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. இந்தத் தாவலில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. ஃபிரவுன்ஹோஃபர் 1994 ஜூலையில் வெளியிட்ட எல்3என்க் என்ற என்கோடரில் ஒரு பாட்டை நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்குவதாக வைத்துக்கொள்வோம். அதே பாட்டை, அதே 128இல், 2017 அக்டோபரில் வெளியான லேம் 3.100 என்ற என்கோடர் கொண்டும் சுருக்குவோம். இரண்டு கோப்பும் ஏறக்குறைய ஒரே எடை. இரண்டும் ஒரே தரநிலைக்குக் கட்டுப்பட்டவை. இரண்டையும் ஒரே டிகோடர் விரித்துப் பாடும். ஆனால் உற்றுக் கேட்பவருக்கு முதல் கோப்பில் தாளக்கருவிகள் மழுங்கியிருப்பது தெரியும். இரண்டாவதில் பெரும்பாலானோர்க்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. 2008இல் நடந்த ஒரு பொதுக் கேட்புச் சோதனையில் பல எம்பி3 என்கோடர்களை ஒப்பிட்டபோது, ‘இதற்குக் கீழே போகக் கூடாது’ என்று காட்டுவதற்கான அடிமட்ட அளவுகோலாக வைக்கப்பட்டது எல்3என்க்தான். வடிவம் மாறவில்லை, பாடும் கருவி மாறவில்லை, எடை மாறவில்லை. பிறகு தரம் எங்கிருந்து வந்தது?

தரநிலை எதைச் சொல்லாமல் விட்டது என்பதில் பாதி விடை இருக்கிறது. 1992இல் முடிவாகி 1993இல் அச்சான எம்பெக்-1 ஒலித் தரநிலை, எம்பி3 கோப்பில் பிட்டுகள் எந்த வரிசையில் நிற்க வேண்டும், அவற்றை டிகோடர் எப்படி ஒலியாக்க வேண்டும் என்பதை மட்டுமே கட்டாயமாக்கியது. அந்த பிட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை என்கோடர் எழுதுபவரின் பொறுப்பில் விட்டுவிட்டது. உளஒலியியல் மாதிரிகள் இரண்டை உதாரணமாகத் தந்தது. அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உளஒலியியல் மாதிரி என்பது, இந்தக் கணத்தில் காது எதைக் கேட்கும், எந்தச் சத்தம் எந்தச் சத்தத்தை மறைக்கும் என்று என்கோடர் போடும் கணக்கு. இனி இதைக் காதுக்கணக்கு என்றே அழைப்போம். இதைத் திறந்தே விட்டதால், வடிவத்தைத் தொடாமல் தரத்தை உயர்த்த வழி இருந்தது. மீதிப் பாதி விடை, அந்த வழியில் நடந்தவர்கள் கையில் வைத்திருந்த கருவியின் தன்மையில் இருக்கிறது என்பது என் வாதம். லேம் ஒரு கட்டளை வரி நிரல். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடும். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. இதைப் பழங்காலத்து அசௌகரியமாகவே பலரும் எழுதுவார்கள். எம்பி3இன் தரம் ஏறியதற்கு அந்த அசௌகரியமே ஒரு முக்கியக் காரணம் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது.

வேலையின் அளவை முதலில் பார்த்துவிடுவோம். சிடியில் ஒரு நொடி ஒலிக்கு ஒரு காதுப்பக்கத்துக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்து குறித்த எண்கள். எம்பி3 அவற்றை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக நறுக்குகிறது. ஒரு சட்டம் என்பது சுமார் 26 மில்லிநொடி. ஸ்டீரியோவில் அந்தச் சட்டம் சிடியில் 4,608 பைட் இடம் பிடிக்கும். 128 கிலோபிட் எம்பி3இல் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 418 பைட். பதினொன்றில் பத்துப் பங்கை எறிய வேண்டும், எறிந்தது தெரியவும் கூடாது. சட்டத்தின் ஒவ்வொரு பாதியையும் 576 அலைவரிசைக் கோடுகளாகப் பிரித்து, எந்தக் கோட்டை எவ்வளவு துல்லியமாக எழுதுவது என்று என்கோடர் முடிவெடுக்கிறது. துல்லியம் குறைந்த இடத்தில் இரைச்சல் சேரும். அந்த இரைச்சல் பக்கத்து உரத்த ஒலியின் நிழலில் ஒளிந்துகொண்டால் பிழைத்தோம், வெளியே தலைகாட்டினால் மாட்டிக்கொண்டோம். அவ்வளவுதான் மொத்த வித்தையும். ஆனால் இதில் நூற்றுக்கணக்கான சிறு முடிவுகள் அடங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தவறலாம்.

பெரும் தலைவலியாக இருந்த ஒரு தவறைக் கிட்டத்தில் பார்க்கலாம். நிசப்தத்தின் நடுவே கடத்தில் ஒரு விரல் தட்டு விழுகிறது என்று கொள்வோம். ஐரோப்பியச் சோதனையாளர்கள் இதற்குக் காஸ்டனெட் என்ற ஸ்பானியக் கைக்கட்டையைப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தின் சோதனை சிடியில் அதற்கென்றே ஒரு தடம் உண்டு. தட்டு விழுந்தது 576 மாதிரி நீளப் பாதிச் சட்டத்தின் கடைசியில் என்றால், அதன் இரைச்சல் தட்டு விழுந்த இடத்தோடு நிற்காது. அந்தப் பாதிச் சட்டத்தின் 13 மில்லிநொடி முழுக்கப் பரவும். தட்டுக்கு முன்னாலேயே ‘ஷ்’ என்று ஒரு சீறல் கேட்கும். இதற்குப் பெயர் முன்னெதிரொலி. உரத்த ஒலிக்குப் பின்னால் வரும் சிறு சத்தத்தைக் காது தாராளமாக மன்னிக்கும். முன்னால் வருவதை ஒருசில மில்லிநொடிக்கு மேல் மன்னிக்காது. மருந்து தரநிலையிலேயே இருக்கிறது: 576ஐ விட்டுவிட்டு 192 மாதிரி நீளமுள்ள குறுஞ்சட்டங்களுக்கு மாறினால், இரைச்சல் 4 மில்லிநொடிச் சொச்சத்துக்குள் அடங்கும். ஆனால் எப்போது மாறுவது? சீக்கிரம் மாறினால் பிட் விரயம், தாமதித்தால் சீறல். தரநிலை இதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. காதால் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தரநிலையை வெளியிட்ட ஐஎஸ்ஓ குழு, அது எப்படி இயங்கும் என்று காட்டுவதற்காக ஒரு விளக்க நிரலை வெளியிட்டிருந்தது. டிஸ்ட்10 என்பது அதன் புழக்கப் பெயர். அது ஒரு பாடப்புத்தக நிரல். மெதுவாக ஓடும், தரத்தில் அலட்சியம் காட்டும். கோப்பு சட்டப்படி சரியாக வந்தால் போதும் என்பதே அதன் நோக்கம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் முளைத்த இலவச என்கோடர்கள் பெரும்பாலும் இதைத் தட்டி நெளிவெடுத்தவையே. அப்படி வந்த ஒன்று 8ஹெர்ட்ஸ்-எம்பி3. 1998 நடுவில் மைக் செங் என்பவர் இந்த 8ஹெர்ட்ஸ் நிரலுக்குச் சில ஒட்டுத் திருத்தங்கள் எழுதத் தொடங்கினார். அதன் ஒலித்தரம் பற்றிப் பிறர் குறை சொல்லவே, அதை விட்டுவிட்டு நேராக டிஸ்ட்10க்கே திரும்பினார். அவருடைய நோக்கம் மிகச் சிறியது: ஒலியில் கைவைக்காமல் வேகத்தை மட்டும் கூட்டுவது. தனி நிரலாகக்கூட அதை வெளியிடவில்லை. வேண்டியவர்கள் ஐஎஸ்ஓ மூலநிரலைத் தேடி எடுத்து, அதன் மேல் இந்த ஒட்டைப் போட்டு, தாங்களே தொகுத்துக்கொள்ள வேண்டும். ‘லேம் ஓர் எம்பி3 என்கோடர் அல்ல’ என்று விரியும் அதன் பெயர் அன்றைக்கு உள்ளபடியே உண்மை.

அதே 1998 செப்டம்பரில் ஃபிரவுன்ஹோஃபரிடமிருந்து இலவச என்கோடர் எழுதியவர்களுக்குக் கடிதங்கள் போயின. காப்புரிமை எங்களுடையது, என்கோடர் வினியோகிக்க உரிமம் வாங்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். 8ஹெர்ட்ஸ் போன்ற முயற்சிகள் அத்தோடு கடையைக் கட்டின. ஒட்டுத் திருத்தமாக மட்டுமே இருந்த லேம் தப்பியது. மைக் செங் பின்னர் விலகி, எம்பி2 வடிவத்துக்கான டூலேம் பக்கம் போய்விட்டார். தலைமை மார்க் டெய்லரிடம் வந்தது. வேகம் போதாது, தரமும் வேண்டும் என்று முடிவெடுத்தவர் அவர். 3.0 பதிப்பில் ஜிசைக்கோ என்ற புதிய காதுக்கணக்கைக் கொண்டுவந்தார். டிஸ்ட்10இன் அலட்சியத்துக்கும் ஜிசைக்கோவின் அக்கறைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். என்கோடர் ஒரு சட்டத்துக்கான பிட் பங்கீட்டைப் பல சுற்றுகளில் மாற்றி மாற்றிப் பார்க்கும். எல்லா இரைச்சலையும் மறைத்துவிட முடிந்தால் நிறுத்திக்கொள்ளும். முடியாமல் போனால்? விளக்க நிரல் கடைசிச் சுற்றில் கையில் எது இருந்ததோ அதையே எழுதிவிட்டுப் போகும். லேம் இதுவரை பார்த்தவற்றில் எது சிறந்தது என்பதை நினைவில் வைத்து அதை எழுதும். இதற்குப் பெரிய அறிவியல் வேண்டாம். கேட்டுப் பார்த்து எரிச்சலடைந்த ஒருவர் இருந்தால் போதும். 2000 மே மாதம் ஐஎஸ்ஓ நிரலின் கடைசி எச்சமும் நீக்கப்பட்டது. அன்று முதல் லேம் சொந்தக் காலில் நிற்கும் என்கோடர், எல்ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தின் கீழ்.

இனி கட்டளை வரிக்கு வருவோம். திரையில் ‘லேம்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘வி’யும் போட்டு 2 என்ற எண்ணைச் சேர்த்து, மூலக்கோப்பின் பெயரையும் வெளிவர வேண்டிய கோப்பின் பெயரையும் எழுதி என்டர் தட்டினால் வேலை தொடங்கும். ‘வி’ என்பது மாறும் பிட்ரேட்டுக்கான (நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவுக்கான) தரப்படி: 0 உச்சம், 9 கடைசி. 2 என்றால் சராசரியில் 190 கிலோபிட் அளவில் வந்து நிற்கும். இசை எளிதான இடத்தில் குறைவாகவும் கடினமான இடத்தில் அதிகமாகவும் செலவழிக்கும். ‘பி’ போட்டு 128 என்றால் நிலையான பிட்ரேட். ‘க்யூ’ என்பது எவ்வளவு சிரத்தையாகத் தேட வேண்டும் என்ற அளவு. எந்த உயரத்துக்கு மேற்பட்ட அலைவரிசைகளை வெட்ட வேண்டும் என்பதற்கு ஒரு தெரிவு, ஸ்டீரியோவின் இரு பக்கங்களைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதற்கு ஒன்று, நவோகி ஷிபாடா எழுதிய மாற்றுக் காதுக்கணக்கைப் பயன்படுத்த ஒன்று என்று இருபது முப்பது தெரிவுகள். நிரலுக்குள் மாறும் பிட்ரேட்டைக் கணக்கிடும் முறைகளுக்கே எழுதியவர்களின் முதலெழுத்துகள்தான் பெயர்: மார்க் டெய்லருடையதற்கு எம்டி, ராபர்ட் ஹெகெமானுடையதற்கு ஆர்எச், இரண்டும் கலந்ததற்கு எம்டிஆர்எச். ஒருவர் கருத்தை இன்னொருவர் அழிக்கவில்லை. இரண்டையும் தெரிவுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு தெரிவும் காதைப் பற்றிய ஓர் ஊகம். அதைப் போட்டு ஒரு கோப்பு, எடுத்துவிட்டு ஒரு கோப்பு, மற்றதெல்லாம் அப்படியே என்று வைத்துக்கொண்டால் அந்த ஊகத்தைத் தனியாகச் சோதிக்கலாம். அந்த ஒரு வரியை அப்படியே நகலெடுத்து ஃபின்லாந்தில் இருப்பவருக்கு அனுப்பினால், அவரும் அதே பதிப்பில் அதையே ஓட்டி அதே குறையைக் கேட்கலாம். விற்பனைக்கு வந்த அன்றைய என்கோடர்களில் ‘நல்ல தரம்’, ‘மிக நல்ல தரம்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ‘மிக நல்ல தரத்தில் சிம்பல் சரியில்லை’ என்று ஒருவர் எழுதினால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. பதிப்பெண், கட்டளை வரி, பத்து நொடி ஒலித்துண்டு மூன்றையும் சேர்த்து எழுதும் புகார் ஒரு சோதனைச்சாலைக் குறிப்புக்குச் சமம். அப்படிச் சேர்ந்த ஒலித்துண்டுகள் ‘கொலைகாரத் துண்டுகள்’ என்றே பெயர் பெற்றன. ஃபேட்பாய் ஸ்லிம் பாடலொன்றிலிருந்து எடுத்த சில நொடிகள் பல ஆண்டுகள் என்கோடர் எழுதுபவர்களின் தூக்கத்தைக் கெடுத்தன.

காது பொய் சொல்லுமே, விலை கூடிய ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாமே நன்றாக இருக்குமே என்ற மறுப்பு உடனே எழும். நியாயமான மறுப்பு. அதற்குத்தான் ஏபிஎக்ஸ் சோதனை. ஏ என்பது மூலம், பி என்பது சுருக்கியது, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று கணினிக்கு மட்டும் தெரியும். கேட்பவர் எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும், திரும்பத் திரும்ப. பதினாறு முறையில் பன்னிரண்டு முறை சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடந்திருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்போது அவர் கேட்டது உண்மை என்று ஏற்கலாம். 2001இல் தொடங்கிய ஹைட்ரஜன்ஆடியோ என்ற குழுமம் இதை விதியாகவே வைத்தது: தரம் பற்றி ஒரு சொல் சொன்னாலும் மறைசோதனை முடிவோடு வர வேண்டும். அலைவரிசைப் படத்தைக் காட்டி ‘பாருங்கள், 16 கிலோஹெர்ட்ஸில் வெட்டியிருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்வதும் அங்கே செல்லாது. கண்ணுக்குத் தெரிவது காதுக்குக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே. (அந்த அலைவரிசைப் பட வியாதி இன்றைக்கும் தீரவில்லை என்பது வேறு விஷயம்.)

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. மூலநிரல் திறந்திருந்ததுதான் காரணம், கட்டளை வரிக்கு என்ன பங்கு? இதைத் தீர்க்க வரலாறே ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. ஸ்வீடன்காரரான தோர்ட் யான்சன் எழுதிய பிளேட்என்க் லேமுக்குச் சமகாலத்தது. அதுவும் டிஸ்ட்10இலிருந்தே பிறந்தது, அதுவும் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தது, அதுவும் கட்டளை வரியில்தான் ஓடியது. ஆனால் காதுக்கணக்கை ஐஎஸ்ஓ நிரலில் இருந்தபடியே வைத்துக்கொண்டது; ஸ்டீரியோவின் இரு பக்கங்களைச் சேர்த்து எழுதும் வசதியும் அதில் இல்லை. பிட்ரேட் தாராளமாக இருந்தால் சமாளித்தது, 128இல் திணறியது. இது என் வாதத்துக்கும் ஒரு கடிவாளம்தான். திறந்த நிரல் மட்டும் போதவில்லை என்று இது காட்டுகிறது. கட்டளை வரி மட்டும் போதவில்லை என்றும் காட்டுகிறது. பிளேட்என்கில் கேட்பவர் மாற்றிப் பார்ப்பதற்குத் தெரிவுகள் சொற்பம். ஊகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே தொங்கவிட்டது லேம். ஆகவே என் கூற்றைச் சற்றுக் குறுக்கிச் சொல்ல வேண்டும்: பலன் தந்தது, தனித்தனியே சோதிக்கக்கூடிய தெரிவுகளும் மறைசோதனை செய்த காதுகளும் ஒரே வரியில் சந்தித்தது.

மூன்றாவது மறுப்பு, தெரிவுகளின் காடு சாதாரண ஆளைக் குழப்பியது என்பது. குழப்பியதுதான். 2000 வாக்கில் நீளநீளமான கட்டளை வரிகள் மந்திரம் மாதிரி கைமாறின. போட்டவருக்கே பாதித் தெரிவின் பொருள் தெரியாது. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் தெரிவுகளைச் சேர்த்துப் போட்டு, இயல்பாக வந்திருக்கக்கூடியதைவிட மோசமான கோப்பை உருவாக்கியவர்கள் ஏராளம். இதற்கு மருந்தாக வந்தவை முன்னமைவுகள். முதலில் ஆர்3மிக்ஸ் என்ற பெயரில் ஒன்று வந்தது. பிறகு டிப்ரோம் என்ற புனைபெயரில் எழுதிய ஹைட்ரஜன்ஆடியோ நிறுவனர் பிறருடைய செவியுதவியோடு ‘ஸ்டாண்டர்ட்’, ‘எக்ஸ்ட்ரீம்’, ‘இன்சேன்’ என்ற மூன்றைச் செதுக்கினார். 2001 டிசம்பரில் வந்த 3.90 பதிப்பு இவற்றைத் தாங்கி வந்தது. இவற்றில் வெளியிலிருந்து எந்தத் தெரிவாலும் கொண்டுவர முடியாத, நிரலின் உள்ளேயே செய்த திருத்தங்களும் இருந்தன. ‘முன்னமைவைப் போடுங்கள், கூடவே எதையும் சேர்க்காதீர்கள்’ என்பதே பிறகு பொது அறிவுரை ஆயிற்று. அப்படியானால் தெரிவுகள் தோற்றுவிட்டன என்று பொருளா? எனக்கு அப்படிப் படவில்லை. எது நல்லது என்று தெரியாதவரை அவை தேவைப்பட்டன. தெரிந்த பிறகு கண்டுபிடிப்பு நிரலுக்குள் இறங்கியது, வெளியே ஒரே ஓர் எண் மிஞ்சியது. இன்றைய ‘வி 2’ அந்த ‘ஸ்டாண்டர்ட்’ முன்னமைவின் வாரிசு; ‘வி 0’ என்பது ‘எக்ஸ்ட்ரீம்’. பழைய மந்திரங்கள் மறக்கப்பட்டது ஒரு நல்ல முடிவுதான்.

வடிவத்தின் குறையைக் காதுக்குச் சாதகமாகத் திருப்பிய ஒரு தெரிவையும் சொல்லிவிட வேண்டும். எம்பி3இல் அலைவரிசைகளைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனித் துல்லியக் குமிழ் ஒன்று உண்டு. ஆனால் ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கடைசிப் பட்டைக்கு மட்டும் அந்தக் குமிழே இல்லை. தரநிலையை எழுதியவர்கள் விட்ட இடம் அது. அந்தப் பட்டையில் இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் எல்லாப் பட்டைகளின் துல்லியத்தையும் சேர்த்தே ஏற்ற வேண்டும்; கோப்பு வீங்கிவிடும். பலருக்குக் கேட்கவே கேட்காத உச்சத்துக்காக, எல்லோருக்கும் கேட்கும் நடுப்பகுதியில் பிட்டை வாரி இறைக்கும் கூத்து. ‘அந்தப் பட்டையின் இரைச்சலைப் பொருட்படுத்தாதே’ என்று சொல்ல லேமில் ‘ஒய்’ என்று ஒரு தெரிவு வந்தது. பிறகு நடுத்தரப் படிகளில் அதுவே இயல்பாகவும் ஆனது. ஒரு தரநிலையின் வழுவையும் மனிதக் காதின் வரம்பையும் எடைபோட்டு எடுத்த தீர்ப்பு, ஓரெழுத்துத் தெரிவாக நிற்கிறது.

அடுத்து, ஃபிரவுன்ஹோஃபர் ஆதரவாளர்கள் சொல்வது: மூலக் கண்டுபிடிப்பு எல்லாம் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வாளர் பிராண்டன்பர்க்கும் அவர் கூட்டாளிகளும் செய்தது, லேம் வெறும் மெருகு. முதல் பாதியில் மறுக்க ஒன்றும் இல்லை. வடிகட்டி அமைப்பும், பிட் சேமிப்புத் தொட்டியும், காது மறைப்பைக் கணக்கில் எடுக்கும் எண்ணமும் ஆய்வகங்களில் பிறந்தவை. லேம் குழுவில் யாரும் அவற்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ‘வெறும் மெருகு’ என்பதை ஏற்க முடியாது. எல்3என்கிலிருந்து இன்றைய நிலைக்கு வந்த தூரம் முழுக்க அந்த மெருகுதான். இதன் எதிர்ப்பக்கத்து ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. 2004 ஜனவரியில் 128 கிலோபிட் எம்பி3 என்கோடர்களுக்கு நடந்த பொதுச் சோதனையில் லேம் முதலிடம் பெற்றது. 2008 சோதனையிலோ லேமின் இரு பதிப்புகள், ஃபிரவுன்ஹோஃபர், ஐட்யூன்ஸ், ஹீலிக்ஸ் எல்லாம் புள்ளியியல் அளவில் சமநிலை. ஹீலிக்ஸ் என்பது, தொண்ணூறுகளில் வேகத்துக்குப் பேர்போன, தரத்துக்காகக் கேலி செய்யப்பட்ட ஸிங் என்கோடரின் வாரிசு. அதற்குள் அதன் மூலநிரலும் திறந்துவிடப்பட்டிருந்தது. எல்லோரும் வந்து முட்டியது வடிவத்தின் கூரையில் என்று இதைப் படிக்கலாம். சம்பளமோ ஆய்வகமோ இல்லாத ஒரு குழு, காப்புரிமையாளரோடு அதே கூரையைத் தொட்டது என்பதே என் வாதத்துக்குப் போதும். லேம் எல்லோரையும் வென்றது என்று நான் சொல்லவில்லை.

கட்டளை வரியை உண்மையில் எத்தனை பேர் தட்டினார்கள் என்றும் கேட்கலாம். சொற்பம்தான். பெரும்பாலோர் பயன்படுத்தியது சன்னல்கள் கொண்ட நிரல்களை. சிடியிலிருந்து பாட்டைப் பிழையின்றி உருவ ஜெர்மானியர் ஆண்ட்ரே வீத்தோஃப் எழுதிய எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் அந்தச் சன்னலைத் திறந்து, என்கோடர் அமைப்புக்குள் போனால், ‘கூடுதல் கட்டளை வரித் தெரிவுகள்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதியது அப்படியே லேமுக்குப் போகும். முகப்பு யாருடையதானாலும் உள்ளே ஓடியது அதே வரி. முகப்பை எழுதியவர் காதுக்கணக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை, காதுக்கணக்கை எழுதியவர் பொத்தான்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. லேம் மேம்பட்ட அன்றே அதை அழைத்த நூறு நிரல்களும் மேம்பட்டன.

காப்புரிமை மேகம் மட்டும் கலையவில்லை. லேம் குழு மூலநிரலை மட்டுமே வெளியிட்டது. ஓடக்கூடிய தொகுப்புகளை வேறு யாராவது தங்கள் பொறுப்பில் தந்தார்கள். ஆடாசிட்டி போன்ற புகழ்பெற்ற ஒலித்தொகுப்பு நிரலிலும் எம்பி3 வேண்டுமானால் லேம் நூலகத்தைப் பயனரே தனியாக இறக்கி இணைக்க வேண்டியிருந்தது. காப்புரிமையை மீறி வளர்ந்த திட்டத்தை இவ்வளவு கொண்டாடலாமா என்பவர்களுக்கு ஒரு விடை: மூலநிரலை விளக்கமாக வெளியிடுவது ஒன்று, என்கோடரை விற்பது இன்னொன்று என்ற கோட்டில் அந்தக் குழு கவனமாகவே நின்றது. அந்தக் கோடு எல்லா நாட்டுச் சட்டத்திலும் தாங்கியிருக்குமா என்பதை எந்த நீதிமன்றமும் இறுதியாகச் சோதிக்காமலேயே காலம் ஓடிவிட்டது. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் கடைசி முக்கியக் காப்புரிமை காலாவதியானது. உரிமத் திட்டமும் அந்த மாதமே முடித்துக்கொள்ளப்பட்டது. மே மாதம் ஃபெடோரா லினக்ஸ் எம்பி3 என்கோடிங்கைச் சேர்த்துக்கொண்டது. அக்டோபர் 13 அன்று லேம் 3.100 வந்தது. 2019இல் ஆடாசிட்டி லேமைத் தன்னுள்ளேயே வைத்து வழங்கத் தொடங்கியது.

பின்வந்த வடிவங்களான ஏஏசியும் ஓபஸும் குறைந்த பிட்ரேட்டில் எம்பி3ஐ எளிதாக வெல்கின்றன. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு எம்பி3ஐப் பரிந்துரைக்கக் காரணம் குறைவு. ஆனால் அவற்றின் என்கோடர்களைத் தீட்டியவர்களும் தெரிவுகளையும் கொலைகாரத் துண்டுகளையும் மறைசோதனையையும்தான் கையாண்டார்கள். 1998 கடிதத்துக்கு வேறு மாதிரி பதில் சொன்னவர் கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி. எம்பி3ஐத் தீட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, காப்புரிமைச் சிக்கல் இல்லாத புதிய வடிவம் ஒன்றையே எழுதப் புறப்பட்டார். ஆக் வோர்பிஸ் என்ற அந்த வடிவத்தின் 1.0 பதிப்பு 2002 ஜூலையில் வெளியானது. அது அடுத்த பகுதியில்.

(தொடரும்)